ஆடியில் சேர்க்காத படகு

முரளி,

போன் செய்தால் “வேலையில இருக்கறம்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மறுபடி அடித்தால் சிக்னல் இல்லை. வெள்ளிமலைக்கு மேலே சிக்னல் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் சுகன்யா பெயரைச் சொல்லும்போது மட்டும் அது போய்விடுகிறதே, அது எப்படி? அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் காண்ட்ராக்டருக்குக் கரண்டு கம்பி ஏற்றிப் போகும் வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தை நீ கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதென்றால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு எரிச்சலாக இருக்கும். “பொண்டாட்டி போயி ஒண்ணரை மாசம் ஆவுது, இவங்க படகு கதை சொல்லிக்கினு இருக்காங்க” என்பாய். பொறு. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவை. இரண்டிலும் தப்பு செய்தது ஒரே ஆள். அந்த ஆள் நான்தான்.

ரைஸ்மில்காரர் மலையடிவாரத்தில் கட்டும் ரிசார்ட்டுக்காக நாங்கள் செய்கிற கயாக் படகை நீ ஷெட்டில் வந்து பார்த்திருக்கிறாய். இணைக்கிற வேலை மட்டும் உனக்குத் தெரியாது. கயாக் என்பது வேர்க்கடலை மாதிரி, இரண்டு ஓடு. கீழ் ஓடு தண்ணீரில் உட்காரும். மேல் ஓடு மூடி. நடுவில் ஆள் இறங்கி உட்கார ஒரு வாய். விரல் அகல மலைவேம்புச் சட்டங்களை அச்சுப் பலகைமேல் ஒன்றோடு ஒன்று ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி இழைத் துணி போட்டு, காய்ந்தால் கல்லாக இறுகும் ரெசின் தடவினால் ஓடு தயார். அந்த அச்சுப் பலகைகளுக்கான படங்களை முழு அளவில் காகிதத்தில் வரைந்து கொடுத்தது யார்? உன் பெண்டாட்டி. வெளிநாட்டுப் படத்தில் இருந்த அளவை எல்லாம் நம் அளவுக்கு மாற்றி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தினம் இரண்டு படமாக வரைந்தாள். வேலு மேஸ்திரி அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டு, “யக்கா, உன் மருமவ கோடு போட்டா கோடு. நான் போட்டா கோணல்” என்றார். புதுச்சேரியில் ஆறு வருஷம் படகுப் பட்டறையில் இருந்த மனுஷன், யாரையும் லேசில் பாராட்ட மாட்டார்.

இரண்டு ஓடும் அச்சிலிருந்து கழன்றது ஆனி கடைசி நாள். கழற்றின அன்றைக்கோ மறுநாளோ ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லாரி பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, உள்பக்கம் இணைப்பு நெடுகக் கண்ணாடி நாடா ஒட்டிவிட வேண்டும். விட்டால் ஓடு தன் இஷ்டத்துக்குப் போகும். வளைத்து ஒட்டின மரம் நிமிரத்தான் பார்க்கும். கீழ் ஓடு விரியும், மேல் ஓடு சுருங்கும். மேஸ்திரி அதைச் சொன்னார். “நாளைக்கே சேர்த்துடலாம் மொதலாளி” என்றார். ரைஸ்மில்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். “நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. புதுசா எதையும் சேர்க்கறது வேணாங்களே. ஒரு மாசம் போவட்டும்” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஷெட்டுக்கு வந்த நாலு மாதத்தில் அவர் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். “கரெக்டா சொன்னம்மா. பொம்பளைங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுது. ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நேரம் பாத்து சேருங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சங்கராபுரத்தில் பாத்ரூம் கதவு செய்யும் பட்டறையில் எட்டு வருஷம் ரெசின் நாற்றத்தில் நின்றிருக்கிறேன். அதற்கு முன்னே பத்து வருஷம் களை வெட்டியிருக்கிறேன். ஒரு முதலாளி என் பேச்சைக் கேட்டு ஒரு வேலையைத் தள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஏதோ பெரிய மனுஷி மாதிரி நடந்து வந்தேன். மேஸ்திரி மட்டும் பின்னால் வந்து, “இன்னாக்கா இப்பிடி பண்ணிட்ட. ரெசினுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?” என்றார். “சும்மா இரு, சாமி விஷயம்” என்றேன். அவருக்கு வேலை தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த ஆள் தலையாட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்த வெள்ளைக் கார் நம் தெருவுக்குள் வந்தது. தை மாதம் நீங்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதிலிருந்து ஆறு மாதம் நம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், தட்டு நிறையப் பழம், பட்டுப்புடவை, இனிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு காலனிக்குள் வந்தார்கள். சுகன்யாவின் அம்மாவும் தாய்மாமனும். நம் வீட்டில் நாற்காலி ஏது? பக்கத்து வீட்டில் ஓடிப்போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, “இன்னா சம்பந்தி, நிக்கிறீங்க? உக்காருங்க” என்றாள். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்ல இவள் யார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சம்பந்தி என்ற ஒரு சொல்லில் எல்லாம் கரைந்துவிட்டது. அவள் வயலில் பத்து வருஷம் “ஏ, இவளே” என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் பெயர் அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். பாதியில் வைக்கவில்லை, முழுவதும் குடித்தாள். “தலை ஆடி இல்லியா, பொண்ண அழைச்சிக்கினு போலாம்னு வந்தோம். ஆடி முடிஞ்சி கொண்டாந்து வுட்டுடறோம்” என்றாள். “மாப்ளைய?” என்று கேட்டேன். “பதினெட்டாம் பெருக்குக்கு மொறையா வந்து கூப்பிடறோம்” என்றார் தாய்மாமன், சுவரைப் பார்த்துக்கொண்டு. சுகன்யா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அத்த, நான் போவல. எங்கம்மா கண்ணே சரியில்ல. அவங்க யாருக்காவும் இப்பிடி எறங்கி வர்றவங்க இல்ல” என்றாள். அவளை நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. “பேசாம பொறப்புடு. மனசு எறங்கி நம்ம வூடு தேடி வந்துகிறாங்க. அனுப்பலன்னா மரியாதை தெரியாத ஜனங்கன்னு நம்மளத்தான் சொல்லுவாங்க” என்றேன். அவள் குனிந்து அடுப்பை அணைத்தாள். பிறகு பையில் இரண்டு சுடிதாரும் அந்தப் பெரிய அளவுகோலும் எடுத்து வைத்துக்கொண்டாள். அளவுகோல் எதற்கு என்று கேட்டேன். “அடுத்த படகுக்கு இன்னும் நாலு படம் பாக்கி இருக்குல்ல அத்த, அங்க உக்காந்து போடறேன்” என்றாள்.

கார் போனதும் நான் அந்த டம்ளரைக் கழுவவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், எதிர்வீட்டுக்காரி வந்தாள். “இது சுகன்யா அம்மா வாய் வெச்சிக் குடிச்ச டம்ளர்” என்று காட்டினேன். சாயந்திரம் நீ வந்தாய். “அவ எங்கம்மா?” என்றாய். சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? “நெசமாவா? டீ குடிச்சாங்களா?” என்றாய். உன் முகம் மலர்ந்துபோயிருந்தது. அதனால் என்னை மட்டும் நீ குற்றம் சொல்ல முடியாது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டம்ளர் டீக்கு அந்தப் பெண்ணைக் கொடுத்து அனுப்பினோம்.

ஆடிப் பதினெட்டுக்கு யாரும் வந்து கூப்பிடவில்லை. நீயே புடவையும் பூவும் வாங்கிக்கொண்டு போனாய். வாசல் கேட்டில் தாய்மாமன் நின்று “யாரு?” என்றாராம். “நான் முரளிங்க.” “எந்த முரளி?” அதற்கு நீ “ஒண்ணும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாயாம். இதை நீ என்னிடம் நாலு நாள் கழித்துத்தான் சொன்னாய், அதுவும் குழம்பில் உப்பு கம்மி என்று சண்டை போட்டுக்கொண்டே. அதற்கப்புறம் அவள் போன் அணைந்து கிடந்தது. நீ புடவைப் பையை ஆணியில் மாட்டிவிட்டு மலைக்கு ஏறிப் போய்விட்டாய். போகும்போது, “அவளுக்கே இஷ்டம் இல்ல போல இருக்குமா. இருந்தா ஒரு போன் கூடவா பண்ண மாட்டா?” என்று சொன்னாய்.

முரளி, இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன்மேல் வருகிற கோபத்தை எங்கே கொட்டுவதென்றே தெரியவில்லை. இஷ்டம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது? கேட்டில் நின்றவன் சொன்னானா? அவள் வீட்டை எதிர்த்து, வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில் உன்னோடு ஏறி, கள்ளக்குறிச்சியில் இறங்கி, நேராக ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டவள். அன்று உன் கையிலிருந்து பேனா கீழே விழுந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மாதத்தில் இஷ்டம் போய்விடுமா? உனக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. அவளுக்கு இஷ்டம் இல்லை என்றால் நீ அந்த கேட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கம்பம் ஏறலாம், கம்பி இழுக்கலாம், சாயந்திரமானால் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இங்கே ஷெட்டு வாசலில் நின்றாலே கல்வராயன் மலை தெரிகிறது. சுற்றுலா வருகிறவன் எல்லாம் எவ்வளவு அழகு என்று போட்டோ எடுக்கிறான். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. என் மகன் ஒளிந்துகொண்டிருக்கிற இடம் அது.

இந்த ஒளிகிற புத்தியை உனக்குக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். அதற்கும் பதில் எனக்குத் தெரியும். நீ ஐந்தாவது படித்தபோது, பரீட்சை லீவில் உன்னைக் கரும்புக் கொல்லைக்குக் கூட்டிப் போயிருந்தேன். உச்சி வெயில். தண்ணீர் கேட்டோம். இதே சுகன்யாவின் அம்மா சொம்பைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஊற்றினாள். நான் இரண்டு கையையும் குவித்துக் குனிந்து குடித்தேன். நீ குடிக்கவில்லை. “ஏம்மா, அவங்க சொம்ப நம்ம கையில குடுத்தா இன்னா?” என்று அவள் காதில் விழும்படி கேட்டாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். ரத்தம் கட்டிப்போகிற மாதிரி கிள்ளினேன். “வாய மூடிக்கினு குடி” என்றேன். நீ குனிந்து குடித்தாய். உன் மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாய். அவள் சிரித்தாள். மறுநாள் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. உன் அப்பா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கிள்ளியது கிள்ளியதுதான். அன்றைக்கு உனக்கு இருந்த வாயை நான் அடைத்தேன். இன்றைக்கு “எந்த முரளி” என்று ஒருவன் கேட்கும்போது “உங்க பொண்ணு புருஷன் முரளி” என்று சொல்ல உன்னிடம் வாய் இல்லை. அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன். ஆனால் இனிமேல் அதையே சாக்காக வைத்துக்கொள்ளாதே. உனக்கு இருபத்தைந்து வயசு.

படகுக்கு வருகிறேன். ஆவணி முதல் தேதி ரைஸ்மில்காரர் ஐயரோடு வந்தார். தேங்காய், சூடம், மாலை எல்லாம். ஒரு மாதம் தனித்தனியாகக் கிடந்த ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம். பொருந்தவில்லை. ஆடிக் காற்றிலும் தகரக் கூரைச் சூட்டிலும் கீழ் ஓடு நடுவில் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் விரிந்துபோயிருந்தது. மேல் ஓடு உள்ளே வாங்கிப் போயிருந்தது. வாய் பொருந்தாத சம்படத்துக்கு மூடி போட்ட மாதிரி நின்றது. நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி என்றார் ஐயர். “இழுங்கய்யா, பெல்ட்ட போட்டு இழுங்க” என்று கத்தினார் முதலாளி. மேஸ்திரி “வேணாங்க, உட்டுப் புடிக்கணும்” என்று சொல்லச் சொல்ல, முதலாளியின் டிரைவர் பெல்ட்டின் பல்சக்கரத் திருகைப் பிடித்து நாலு பல் சேர்த்து இழுத்தான். படக்கென்று ஒரு சத்தம். இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சட்டம் விண்டுபோனது. “சகுனமே சரியில்ல” என்றார் முதலாளி. அப்புறம் என்னைப் பார்த்தார். ஆம், இரண்டாவது தடவையாகப் பார்த்தார். “இவ சொன்னான்னு ஒரு மாசம் போட்டு வெச்சன் பாரு, என்னச் சொல்லணும்” என்றார். அவர் வாயிலிருந்து சம்பந்தி மாதிரி ஒரு சொல் வரவில்லை. வந்தது வேறு. அதை உனக்கு எழுத மாட்டேன்.

அவர் போனபின் மேஸ்திரி பீடி பற்ற வைத்துக்கொண்டு விண்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. “அப்ப ஒரு நாளு வேல. இப்ப ஒம்போது நாளு. எந்திரி” என்றார். பெல்ட்டையெல்லாம் அவிழ்த்தோம். விண்ட இடத்தை ஒட்டினோம். கீழ் ஓட்டை வெளியிலிருந்து பெல்ட் போட்டு ஒரு நாளைக்கு ஒரு பல் மட்டும் இறுக்கினோம். மேல் ஓட்டுக்கு உள்ளே மூங்கில் துண்டு கொடுத்து, ஒரு நாளைக்கு ஒரு நூல் அளவு நீளமாக வெட்டி மாற்றி மாற்றி விரித்தோம். நடுவில் பொருந்தின இடத்தில் ஊசித் துளை போட்டுச் செப்புக் கம்பியால் தைத்தோம். அங்கிருந்து இரண்டு நுனிக்கும் ஒரு சாண், ஒரு சாணாகத் தைத்துக்கொண்டே போனோம். உதட்டைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலை. அவசரப்பட்டால் மறுபடி விண்டுபோகும். விட்டுவிட்டால் மறுபடி விரிந்துபோகும். இதை வைத்து உனக்கு உபதேசம் செய்யப்போகிறேன் என்று நினைக்காதே. மரத்துக்குத் தாய்மாமன் கிடையாது. மரம் தெரு பார்த்து விரியவில்லை. சும்மா கிடந்ததால் விரிந்தது, அவ்வளவுதான்.

எட்டாவது நாள் தைத்து முடித்துப் படகைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். இனி உள்பக்கம் நாடா ஒட்ட வேண்டும். மூன்று விரல் அகலக் கண்ணாடித் துணி நாடாவைப் பலகைமேல் வைத்து ரெசினில் ஊற வைத்து, பேண்டேஜ் மாதிரிச் சுருட்டி, உட்காரும் வாய் வழியாகத் தலையையும் இரண்டு கையையும் உள்ளே விட்டு, நீளக் குச்சியில் கட்டின பிரஷ்ஷால் நுனி வரைக்கும் தள்ளி ஒட்ட வேண்டும். மேஸ்திரியின் தோள் அதில் நுழையாது. என் உடம்புதான் நுழையும். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இடுப்பு வரைக்கும் உள்ளே போனேன். முதல் நாடா பிடிக்காமல் கழன்று என் தலைமேலேயே விழுந்தது. முடியில் ஒட்டிய ரெசின் போகாது. வெளியே வந்து ஒரு கைப்பிடி முடியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி போனேன். இரண்டாவது நாடா பிடித்தது. நுனியில் மட்டும் ஒரு முழம் தொங்கியது. ரெசின் இறுகும்வரை அதைக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது என் போன் அடித்தது.

தெரியாத நம்பர் என்றார் மேஸ்திரி. “எடுத்து ஸ்பீக்கர்ல போடு மேஸ்திரி, உள்ள நீட்டு” என்றேன். அவர் நீட்டினார். “அத்த” என்று சுகன்யாவின் குரல் அந்தப் படகுக்குள் கேட்டது. திருநாவலூரில் அவள் அத்தை வீட்டில் வைத்திருக்கிறார்களாம். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளே கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். நீ கேட்டில் நின்றபோது அவள் அந்த வீட்டிலேயே இல்லை, முரளி. போனைப் பிடுங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வேலை போய்விட்டது. அன்றைக்குப் பிரதோஷம் என்று கோயிலுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். கூட்டத்தில் நழுவி, பூ விற்கிற அம்மாளிடம் போன் வாங்கிப் பேசுகிறாள். அவள் அழவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, வரிசையாகச் சொன்னாள்.

“அத்த, ஒரு பேப்பர் காட்றாங்க. பிரிஞ்சிக்கிறதுக்கு சம்மதம்னு எழுதிகிது. அவரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னு சொல்றாங்க. கிட்ட தர மாட்டேங்கறாங்க, தூரமா வெச்சிக் காட்றாங்க. நான் போடல. அவரு போட்டாரா?”

எனக்குத் தெரியாதே. தெரியாது என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள். இல்லை என்று சொன்னால், நாளைக்கு நீ போட்டிருந்தால்? “அவன் போடமாட்டாம்மா” என்றேன். ஒரு விநாடி தயங்கித்தான் சொன்னேன். அந்தத் தயக்கம் அவளுக்குக் கேட்டிருக்கும். “ஏன் அத்த அவரு வரல?” என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். “வெச்சிடறேன்” என்றாள். வைத்துவிட்டாள். நான் குச்சியை விடவில்லை. விட்டிருக்கலாம், படகு நாசமாகப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கை விடவில்லை. ரெசின் இறுகி நான் வெளியே வந்தபோது மேஸ்திரி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “யக்கா, என் புள்ளையா இருந்தா செருப்பால அடிப்பேன்” என்றார். “என் புள்ளையா இருந்தும் நான் அடிக்கலியே, அதான் தப்பு” என்றேன்.

கையெழுத்துப் போட்டாயா, முரளி? அந்தத் தாய்மாமன் மலைக்கு வந்தானா? வந்து, “உனக்கும் கஷ்டம் வேணாம், எங்களுக்கும் வேணாம்” என்று தேன் ஊற்றிப் பேசினானா? உன்னைத் தம்பி என்று கூப்பிட்டானா? எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. மிரட்டினால் நீ ஒருவேளை எதிர்த்து நிற்பாய். மரியாதையாகப் பேசினால் விழுந்துவிடுவாய். நான் விழுந்தேனே. அவர்கள் அருவாளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நம் தெருவே சேர்ந்து நின்றிருக்கும். தட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாம் நாற்காலி போட்டோம். நமக்குக் கிடைக்காத மரியாதையில் ஒரு சொட்டு கிடைத்தால் போதும், எதையும் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதை நான் உனக்கு எழுதுவதற்குக் காரணம், இனிமேல் யார் உன்னிடம் இனிக்க இனிக்கப் பேசினாலும், முதலில் அவன் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பார்.

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றும். அதுதான் நம் வியாதி. ஆடியில் கூடாது என்றார்கள். இதோ புரட்டாசி பிறக்கப்போகிறது. விரத மாதம், நல்ல காரியம் பேசக்கூடாது என்பார்கள். ஐப்பசியில் தீபாவளி கழியட்டும் என்பார்கள். கார்த்திகையில் மழை. மார்கழி கேட்கவே வேண்டாம். நமக்கு நல்லது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள காலண்டரில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெண்ணைப் பிடித்து அடைத்து வைக்க மட்டும் எந்த மாதமும் ஆகும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போன் வந்த மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். “பெரிய எடத்து விவகாரம், அவங்க பொண்ணு அவங்க வூட்ல இருக்குது, உனக்கு இன்னாம்மா?” என்றார் அங்கிருந்தவர். “அவ என் மருமவ. மேஜர். ரிஜிஸ்தர் ஆன பேப்பர் இந்தா இருக்குது” என்று மேசைமேல் வைத்தேன். ரசீது கொடுக்க மாட்டேன் என்றார். கொடுக்கிற வரைக்கும் போகமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். காலையில் போனவள், சாயந்திரம் ஐந்து மணிக்கு ரசீது வாங்கிக்கொண்டுதான் வந்தேன். நம் மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். அந்த ஏழு மணி நேரமும் என் தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தைரியம் என்பது நடுங்காமல் இருப்பது என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால், அவன் ஸ்டேஷனுக்குப் போகாதவன்.

வருகிற திங்கட்கிழமை காலை நாங்கள் திருநாவலூர் போகிறோம். நானும் அந்த இரண்டு பேரும், மேஸ்திரியும். ஐந்தே முக்காலுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உளுந்தூர்பேட்டை பஸ். கையில் தட்டு இல்லை, பழம் இல்லை. பதிவுப் பத்திரத்தின் நகலும் ஸ்டேஷன் ரசீதும்தான். அந்த வீட்டு வாசலில் நின்று, யார் எந்தக் கேள்வி கேட்டாலும், அவளைக் கூப்பிடுவேன். அவள் வருவாள். உன்னை நம்பி வருகிறாளோ இல்லையோ, நான் கூப்பிட்டால் வருவாள். அன்றைக்கு அடுப்படியில் போ என்று சொன்னவள் நான். வா என்று சொல்ல வேண்டியவளும் நான்.

நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மலையிலேயே இரு. அவள் என் வீட்டில் என் மகளாக இருப்பாள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நீ இந்த வாசலுக்கு வராதே. வந்தால் யார் என்று நான் கேட்பேன், உண்மையாகவே கேட்பேன். போடவில்லை என்றால், எனக்குப் பதில் எழுதாதே, போன் செய்யாதே, விளக்கம் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைசி வண்டியில் இறங்கு. அவள் கேட்ட “ஏன் வரல” என்ற கேள்வியை நான் அப்படியே வைத்திருக்கிறேன். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமை அவள் கதவைத் திறந்து வெளியே வரும்போது, நீயே அவள் எதிரில் நின்று சொல்.

அம்மா